மர்சேய்யில் ஒரே ஒரு நாள்: வடகரையா, தீவா, குன்றா?

பிரான்சின் தெற்குக் கரையிலுள்ள மர்சேய்க்கு வருகிற நம் ஆட்களில் பெரும்பாலோர் ஒரு நாளைத்தான் ஒதுக்குகிறார்கள். பாரிஸில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பவர்கள் காலை அதிவேக ரயிலைப் பிடித்து மூன்றேகால் மணி நேரத்தில் வந்து இறங்கி, ராத்திரி ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். மத்தியதரைக் கடலைச் சுற்றும் சொகுசுக் கப்பலில் வருகிறவர்கள் காலையில் இறங்கி மாலைக்குள் ஏறியாக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் கையில் நிற்பது ஆறேழு மணி நேரம். 2,600 ஆண்டுப் பழமையுள்ள ஒரு துறைமுகத்தில் அந்த நேரத்தை எங்கே செலவழிப்பது?

எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்குப் பாதி நாள் பேருந்து நிறுத்தத்திலும் படகு வரிசையிலும் போய்விடுகிறது. ஊரின் அமைப்பு அப்படி. நடுவில் பழைய துறைமுகம். இங்குள்ளவர்கள் அதை வியே போர் என்பார்கள். மேற்குப் பக்கம் கடலைப் பார்த்து வாய் திறந்து, ஊருக்குள் நீளமாகப் புகுந்திருக்கும் செவ்வகமான நீர்ப்பரப்பு அது. அதன் வடகரையில் கிரேக்கர் காலம் தொட்டு மக்கள் வாழும் பழைய ஊர். தென்கரையில் ஒரு பழைய மடாலயமும், அதற்கும் மேலே குன்றின் உச்சியில் மாதா கோவிலும். துறைமுக வாயைத் தாண்டிக் கடலுக்குள் கோட்டைத் தீவு. இவை மூன்றும் மூன்று திசையில் இருக்கின்றன. இவற்றோடு நாலாவதாக நகரின் தெற்கு ஓரத்தில் இன்னோர் இடம் உண்டு. சுற்றுலாக்காரர்கள் யாரும் போகாத அந்த இடத்துக்கும் நமக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதல்முறை வருகிறீர்கள், ஒரு நாள்தான் இருக்கிறது, பழைய கதைகளில் ஆர்வம் இருக்கிறது என்றால் என் ஓட்டு வடகரைக்கு. படகுக்குக் காத்திருக்க வேண்டாம், காற்றுக்குப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் டிக்கெட்டும் எடுக்க வேண்டாம். மூன்று கிலோமீட்டருக்குள் நடந்தே கிரேக்கத் துறைமுகத்திலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை பார்த்துவிடலாம். குழந்தைகளோடு வருகிறவர்களுக்குத் தீவு சரிப்படும். வயதான அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் குன்று. ஏன் என்பதைத்தான் இனி விரிவாகச் சொல்லப்போகிறேன்.

வடகரை

சென் ஷார்ல் ரயில் நிலையத்தில் இறங்கினால் மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் வியே போர். கரையில் மீன் விற்கும் இடத்தைக் காலையிலேயே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நாலைந்து மேசைகளுக்கு மேல் இருக்காது, ஆனால் மீன் அன்றைக்குப் பிடித்தது. அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் சாந்தர் பூர்ஸ் என்ற வணிக வளாகம் வரும். வரலாற்று அருங்காட்சியகம் அதற்குள்ளேயே இருக்கிறது. மர்சேய் வந்துபோனவர்களைக் கேட்டால் பத்தில் ஒருவர்கூட இதைச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். இந்த ஊரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் கிடையாது.

1967இல் இந்த வளாகத்துக்காகத் தோண்டியபோது மண்ணுக்கடியில் கிரேக்கர் கட்டிய மதிலும் நகர வாயிலும், ரோமானியத் துறைமுகத்தின் ஒரு மூலையும் வெளிப்பட்டன. கட்டடத்தை ஒதுக்கிக் கட்டி, அந்த இடத்தை அப்படியே தோட்டமாக வைத்துவிட்டார்கள். இன்று கடல் அங்கிருந்து எட்டத்தில் இருக்கிறது. ஆனால் கப்பல் கட்டிய கல்கரை புல்வெளியின் நடுவே நிற்கிறது. பழைய காலத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதைக் கண்ணாலேயே அளந்துகொள்ளலாம்.

இந்த ஊரை உண்டாக்கியவர்கள் கி.மு. 600 வாக்கில் இன்றைய துருக்கிக் கரையிலிருந்த ஃபோக்கேயா நகரிலிருந்து வந்த கிரேக்கர்கள். மஸ்ஸாலியா என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் கரையிறங்கிய அன்று உள்ளூர்த் தலைவன் தன் மகள் கிப்திஸுக்குச் சுயம்வரம் நடத்திக்கொண்டிருந்தானாம். அவள் கிண்ணத்தை நீட்டியது விருந்தாளியாக வந்த கிரேக்கன் புரோத்திஸிடம். இது கதைதான், ஆனால் மர்சேய்க்காரர்கள் இன்றும் பாசத்தோடு சொல்லும் கதை.

அருங்காட்சியகத்துக்குள் நேரே படகுகளிடம் போங்கள். 1993இல் நகராட்சி மன்றத்துக்குப் பின்னால் உள்ள சதுக்கத்தில் தோண்டியபோது கி.மு. ஆறாம் நூற்றாண்டுக் கிரேக்கப் படகுகள் கிடைத்தன. அவற்றில் சிறியது முழுக்க முழுக்கத் தைத்த படகு. பலகையின் விளிம்பில் சாய்வாகத் துளையிட்டு, கயிற்றைக் கோத்து இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கிட்டே குனிந்து பார்த்தால் அந்தத் துளைகள் வரிசையாகத் தெரியும். சென்னையிலும் புதுச்சேரியிலும் துறைமுகம் இல்லாத காலத்தில் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைசேர்த்த மசூலா படகுகளும் இதே போலக் கயிற்றால் தைத்தவைதான். ஆணி அடித்த படகு அலையில் விண்டுபோகும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். இந்தச் சிறு படகை முன்மாதிரியாக வைத்து 2013இல் கிப்திஸ் என்ற பெயரில் ஒன்றை மறுபடி கட்டிக் கடலில் ஓட்டியும் பார்த்தார்கள்.

அடுத்த கூடத்தில் 1974இல் அந்தத் தோட்டத்திலேயே தோண்டி எடுத்த ரோமானிய வணிகக் கப்பல் கிடக்கிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது. எஞ்சியிருக்கும் அடிப்பாகம் மட்டுமே சுமார் 20 மீட்டர் நீளம். நூற்றாண்டுக் கணக்கில் சேற்றில் ஊறிய மரம் வெயில் பட்டால் சுருங்கி நொறுங்கிவிடும் என்பதால் உறையவைத்து ஈரத்தை உறிஞ்சி எடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். சுற்றிலும் ஆம்போரா என்ற மதுச்சாடிகள். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு ஆம்போராத் துண்டுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒடுங்கிய கழுத்தும் இரட்டைக் கைப்பிடியும் உடனே பிடிபடும். இங்கே அவை முழுசாக இருக்கின்றன. இந்தக் கடலில் புழங்கிய அந்த வகைச் சாடிகள்தான் அலெக்சாந்திரியா, செங்கடல் வழியாக நம் கரை வரைக்கும் வந்து சேர்ந்தன.

ஒன்றரை மணி நேரம் இங்கே தாராளமாகப் போகும். பிறகு வடகரை ஓரமாக மேற்கே நடந்தால், பதினேழாம் நூற்றாண்டு நகராட்சி மன்றத்துக்கு இருபுறமும் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும் கல்கட்டடங்களைப் பார்ப்பீர்கள். பழைய துறைமுகத்தின் ஓரத்தில் இவ்வளவு புதிய கட்டடங்கள் ஏன் என்று பலர் கேட்பதே இல்லை. 1943 ஜனவரியில் ஜெர்மன் படையும் பிரெஞ்சுப் போலீசும் சேர்ந்து இந்தக் கரையை வளைத்தன. சந்துகளில் குடியிருந்த 20,000க்கும் மேற்பட்டவர்களை ஒரே நாளில் வெளியேற்றி, பெரும்பாலோரை ஃப்ரேஜூஸ் முகாமுக்கு ரயிலேற்றினார்கள். நகரம் முழுக்க நடந்த அந்த வேட்டையில் பிடிபட்ட சுமார் 1,600 பேர் வடக்கே முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் யூதர்கள், சோபிபோர் கொலைமுகாமிலிருந்து அவர்கள் திரும்பவில்லை. பிப்ரவரியில் வெடிவைத்துத் தெருத்தெருவாகத் தகர்த்தார்கள். 1,500 கட்டடங்கள் போயின. நகராட்சி மன்றம், வைர வடிவக் கற்கள் பதித்த மாளிகை, 1535இல் கட்டிய காப்ர் மாளிகை என்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் மிஞ்சின. இன்றைய வரிசை போருக்குப் பிறகு ஃபெர்னான் புயோன் முதலிய கட்டடக் கலைஞர்கள் எழுப்பியது. புதிய தெருவின் கோட்டோடு ஒட்டவேண்டும் என்பதற்காக 1954இல் காப்ர் மாளிகையை அடியோடு தூக்கி 90 பாகை திருப்பி வைத்தார்கள். துறைமுக வாயில் உள்ள சென் ஜான் கோட்டைக்குக் கீழே, ஜெர்மானியர் கட்டிய ஒரு பதுங்குகுழியில், நாடு கடத்தப்பட்டவர்களுக்கான நினைவகம் இருக்கிறது. சின்ன இடம்தான், ஆனால் மேலே பார்க்கும் அழகான கரைக்கு இதைப் பார்க்காமல் அர்த்தமில்லை.

வெடியில் தப்பிய மேல்பாதிதான் லு பனியே. அக்கூல் மணிக்கூண்டின் பக்கத்துப் படிகளில் ஏறினால் துணி காயும் சந்துகள், சுவரோவியங்கள், சோப்புக் கடைகள். கடைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நேரே வியே ஷாரித்தேக்குப் போங்கள். 1671இல் பிச்சைக்காரர்களையும் அநாதைகளையும் அடைத்துவைக்கத் தொடங்கிய கட்டடம் இது. வடிவமைத்தவர் இதே பேட்டையில் பிறந்த சிற்பி பியேர் புஜே. வெளிச்சுவரில் ஏறக்குறைய ஜன்னலே கிடையாது. உள்ளே மூன்று அடுக்கு வளைவுகள் நாலு பக்கமும் சூழ, நடுவில் முட்டை வடிவக் குவிமாடத்தோடு ஒரு தேவாலயம். வெளிச்சம் அந்த ரோஜா நிறக் கல்லில் விழும்போது இடமே அமைதியாகிவிடும். அடைபட்டுக் கிடந்தவர்களை நினைத்துக்கொண்டு முற்றத்தில் ஒரு பத்து நிமிடமாவது உட்காருங்கள். இடிந்து விழப்போன இதைக் காப்பாற்றக் குரல் கொடுத்தவர்களில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயும் ஒருவர். 1986இல்தான் சீரமைப்பு முடிந்தது.

இறக்கத்தில் லா மஜோர் பேராலயம். கறுப்பும் வெளுப்புமாகக் கோடு போட்ட கற்களால் 1852 முதல் 1893 வரை கட்டியது. பிரம்மாண்டம்தான், ஆனால் கால் மணி நேரம் போதும். அதற்கு முன்னால் உள்ள தூரெத் மேடையில் அதைவிட அதிக நேரம் நிற்பேன். 1720 மே மாதம் கிராந் சென் அந்துவான் என்ற கப்பல் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையிலிருந்து துணிமூட்டைகளோடு கொள்ளைநோயையும் கொண்டுவந்தது. வழியிலேயே ஆட்கள் செத்திருந்தும், சந்தைக்குச் சரக்கு போயாக வேண்டும் என்ற அவசரத்தில் தனிமைப்படுத்தும் விதிகளைத் தளர்த்தினார்கள். நகராட்சித் தலைவர்களில் ஒருவருக்கே அந்தச் சரக்கில் பங்கு இருந்தது. 90,000 பேர் இருந்த ஊரில் ஏறத்தாழப் பாதிப் பேர் மாண்டார்கள். இந்த மேடையில் வாரக்கணக்கில் குவிந்து அழுகிய சடலங்களைச் செவாலியே ரோஸ் என்பவர் கைதிகளையும் சிப்பாய்களையும் கொண்டு செப்டம்பரில் அப்புறப்படுத்தினார். கொரோனாவுக்குப் பிறகு இங்கே வருகிற யாருக்கும் இந்தக் கதையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மேடையிலிருந்து ஒரு நடைபாலம் சென் ஜான் கோட்டைக்குள் இறக்கிவிடும். கோட்டைக்குள் நுழையக் கட்டணம் இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டுச் சதுரக் கோபுரத்தைச் சுற்றிப் பதினாலாம் லூயி 1660களில் மதில் எழுப்பினார். எதிர்க்கரையில் சென் நிக்கொலா கோட்டையையும் அவரே கட்டினார். அடங்காத மர்சேய்க்காரர்களை அடக்கிவைப்பதே அவருடைய முக்கிய நோக்கம். கோட்டையிலிருந்து இன்னொரு நீண்ட பாலம் மியூசெம் அருங்காட்சியகத்துக்குப் போகிறது. 2013இல் திறந்த அந்தக் கட்டடத்தின் சல்லடை போன்ற கான்கிரீட் மேல்தளம்வரை இலவசமாகப் போகலாம். உள்ளே காட்சிக்கூடங்களுக்கு டிக்கெட் உண்டு. ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் உள்ளே போகமாட்டேன், கோட்டைச் சுவரில் உட்கார்ந்து துறைமுக வாயைப் பார்ப்பேன்.

சொகுசுக் கப்பலில் வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கப்பல் நிற்கும் இடம் ஊருக்கு வடக்கே வெகு தூரம். அங்கிருந்து வரும் பேருந்துகள் லா ஜோலியெத் பக்கம் இறக்கிவிடும். அதனால் இதே வழியைத் தலைகீழாக நடங்கள். லா மஜோரில் தொடங்கி வரலாற்று அருங்காட்சியகத்தில் முடிக்கலாம். லா ஜோலியெத்திலேயே 1860களில் கட்டிய நீளமான சரக்குக்கிடங்கு வரிசை இருக்கிறது. 365 மீட்டர் நீளம், 52 கதவுகள், நாலு முற்றங்கள், ஏழு தளங்கள். ஆண்டின் கணக்கை அப்படியே கல்லில் போட்டிருக்கிறார்கள். நீராவிக் கப்பல் வந்தபின் பழைய துறைமுகம் போதாமல் இங்கேதான் புதிய துறைமுகம் கட்டினார்கள். சூயஸ், ஏடன், கொழும்பு வழியாக வியட்நாமின் சைகோனுக்கு ஓடிய மெஸ்ஸாஜரி மரித்தீம் கம்பெனிக் கப்பல்கள் புறப்பட்டதும் இந்தத் துறையிலிருந்துதான். சைகோனில் அரசு வேலை பார்த்த புதுச்சேரிக் குடும்பங்களில் பிரான்சுக்கு வந்தவர்கள் முதலில் கால் வைத்த பிரெஞ்சு மண் பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

தீவு

ஷாத்தோ தீஃப் தீவுக்குப் படகு பழைய துறைமுகத்தின் தலைப்பகுதியிலிருந்தே கிளம்பும். இருபது நிமிடப் பயணம். படகுக்கு ஒரு டிக்கெட், கோட்டைக்கு இன்னொரு டிக்கெட். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கோட்டை இலவசம். காத்திருப்பதையும் சேர்த்தால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தீவின் பெரிய எதிரி காற்று. மிஸ்திரால் என்ற வடமேற்குக் காற்று வீசும் நாளில் தீவின் சின்னத் துறையில் படகு ஒட்ட முடியாது. சில நாள் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஆனால் படகு ஓடாது. ஆகவே தீவை நம்பி ஒற்றை நாள் பயணத்தைத் திட்டமிடுவது ஆபத்து. அன்று காலையில் படகுத்துறையில் விசாரித்துவிட்டு முடிவு செய்வதுதான் வழி.

போய்ச் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? மூன்று வட்டக் கோபுரங்களுள்ள சின்னச் சதுரக் கோட்டை. முதலாம் பிரான்சுவா மன்னர் 1524 முதல் 1531 வரை கட்டியது. சண்டைக்கு அதிகம் பயன்படாமல் சிறையாகிவிட்டது. 3,500 புராட்டஸ்டன்டுகள் இங்கே அடைபட்டதாகச் சொல்வார்கள். காசுள்ள கைதிகளுக்கு மாடியில் ஜன்னலும் கணப்படுப்பும் உள்ள அறை, இல்லாதவர்களுக்குக் கீழே இருட்டறை. 1848 புரட்சிக் கைதிகள் முற்றத்துச் சுவரில் ‘இறையாண்மை கொண்ட மக்களின் ஓட்டல்’ என்று பொறித்துவைத்திருக்கிறார்கள். கொள்ளைநோய் கொண்டுவந்த கப்பலின் தலைவன் ஷத்தோவும் இங்கேதான் கைதியாக இருந்தான். ஆனால் வருகிறவர்கள் தேடுவது இவர்கள் யாரையும் இல்லை. அலெக்சாந்தர் துமா ‘மான்டி கிறிஸ்டோ கோமகன்’ நாவலில் படைத்த எத்மோன் தாந்தேஸின் அறையைத்தான் தேடுகிறார்கள். சுவரில் துளையிட்ட அறையொன்றை அதற்கென்று காட்டுகிறார்கள். அந்தக் கைதி நாவலில் மட்டும் இருந்தவன். படித்திருந்தால் அதைப் பார்ப்பதில் சந்தோஷம் உண்டு, படிக்காதவர்களுக்கு அது ஒரு துளை மட்டுமே.

நமக்குச் சுவையான கதை வேறொன்று இருக்கிறது. கோட்டை கட்டுவதற்கு எட்டு ஆண்டு முன்பு, 1516 ஜனவரியில், இங்கே ஒரு காண்டாமிருகம் இறங்கியது. குஜராத் சுல்தான் முசாஃபர் ஷா போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க்குக்குக் கொடுத்த அந்த மிருகம் 1515 மே மாதம் லிஸ்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பாவில் ரோமானியர் காலத்துக்குப் பிறகு யாரும் பார்த்திராத விலங்கு. போர்ச்சுகல் மன்னர் மனுவேல் அதைப் போப்பாண்டவருக்குப் பரிசாக ரோமுக்கு அனுப்பினார். வழியில் இந்தத் தீவுப் பக்கம் கப்பல் நின்றபோது முதலாம் பிரான்சுவா வந்து பார்த்துவிட்டுப் போனார். ரோம் போய்ச் சேருமுன் இத்தாலியக் கரையோரம் கப்பல் மூழ்கி, சங்கிலியில் கட்டியிருந்த மிருகமும் செத்தது. ஆல்பிரெக்ட் டியூரர் நேரில் பார்க்காமல் கேள்விப்பட்டதை வைத்தே வெட்டிய புகழ்பெற்ற மரச்செதுக்கு ஓவியம் இதே காண்டாமிருகத்துடையது. எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைப் படகிலேயே சொல்லிவிடுங்கள். சிறையைவிட அதுதான் அவர்களுக்கு மனதில் நிற்கும்.

கடலிலிருந்து திரும்பி நகரத்தைப் பார்ப்பது தீவுப் பயணத்தின் உண்மையான லாபம். இரண்டு கோட்டைகளுக்கு நடுவே படகு நுழையும்போது, மாலுமிகள் இந்த ஊரை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பது விளங்கிவிடும். மற்றபடி தீவில் நிழல் குறைவு, பாறை அதிகம், சாப்பாட்டை நம்ப முடியாது. தண்ணீரும் தின்பண்டமும் கையில் இருக்கட்டும்.

குன்று

தென்கரையில் இரண்டு இடங்கள். கீழே சென் விக்தோர் மடாலயம். ஐந்தாம் நூற்றாண்டில் ஜான் காசியன் என்ற துறவி நிறுவியது. வெளியிலிருந்து பார்த்தால் கோவில் என்று தோன்றாது, கோட்டையாகத்தான் தெரியும். பதினாலாம் நூற்றாண்டில் போப் ஐந்தாம் அர்பன் அப்படி மதில் எழுப்பினார். மேலே உள்ள ஆலயத்தைவிட நிலவறைதான் முக்கியம். சிறு கட்டணம் கொடுத்து இறங்கினால் ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களின் சிற்பம் பொறித்த கல்சவப்பெட்டிகளும், கறுப்பு மாதா சிலையும் இருக்கின்றன. பிப்ரவரி 2ஆம் தேதி விடிகாலையில் அந்த மாதாவை ஊர்வலமாக எடுத்துவருவார்கள். அன்றைக்கு வாங்குவது நவெத் என்ற படகு வடிவ பிஸ்கட். ஆரஞ்சுப் பூ வாசனையோடு கடிக்கக் கல்லாக இருக்கும். 1781 முதல் அதைச் சுட்டுவரும் அடுப்பு மடாலயத்துக்குப் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது.

மேலே நோத்ர்தாம் த லா கார்த். ஊருக்கு ‘போன் மேர்’, நல்ல தாய். சுமார் 150 மீட்டர் உயரக் குன்றில் 1864இல் அபிஷேகம் செய்யப்பட்ட ஆலயம். கோபுரத்தின் மேல் 1870இல் நிறுத்திய மாதா சிலை, 11 மீட்டருக்கும் மேல் உயரம், தங்கமுலாம் பூசியது. ஊரின் எந்த மூலையிலிருந்தும் தெரியும். காணிக்கை எதுவும் கட்டாயமில்லை, நுழைவு இலவசம். வேளாங்கண்ணிக்குப் போய்வந்தவர்களுக்கு இங்குள்ள சுவர்கள் அந்நியமாகத் தோன்றாது. புயலில் பிழைத்தவர், அறுவை சிகிச்சை தாண்டியவர், போரிலிருந்து மகனைத் திரும்பப் பெற்றவள் என்று ஆளாளுக்கு நேர்ந்துகொண்டு வைத்த பளிங்குப் பலகைகள். பாய்மரம் சுருட்டிய கப்பல் ஓவியங்கள். கூரையிலிருந்து நூலில் தொங்கும் மாதிரிக் கப்பல்கள், கதவு திறக்கும்போது லேசாக ஆடும். அவற்றை ஒவ்வொன்றாக அண்ணாந்து பாருங்கள். துறைமுக மக்களின் பயமும் நன்றியும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. வெளிச்சுவரில் 1944 ஆகஸ்ட் சண்டையின் குண்டு வடுக்களும் உண்டு. அன்று இந்தக் குன்றை ஜெர்மானியரிடமிருந்து மீட்டவர்களில் பெரும்பங்கு அல்ஜீரியச் சிப்பாய்கள்.

ஏறுவது பெரிய வேலை, ஆனால் வியே போரிலிருந்து 60ஆம் எண் பேருந்து ஆலயத்துக்குக் கீழே வரை கொண்டுவிடும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குக் குன்று சிறந்தது என்று நான் சொல்வது இதனால்தான். பேருந்திலிருந்து இறங்கியபின் கொஞ்சம் படிகள் உண்டு, அவ்வளவே. வடகரையின் சந்துகளில் ஏற்ற இறக்கமும் கரடுமுரடான கல்தரையும் நாள் முழுக்கத் தொடரும். கோடையில் மதிய நேரத்தில் மட்டும் மேலே போகாதீர்கள். வெயிலைத் தடுக்க அங்கே ஒன்றுமில்லை.

நாலாவது இடம்

1914 செப்டம்பர் 26ஆம் தேதி மர்சேய்த் துறைமுகத்தில் இந்தியப் படையின் முதல் பிரிவு இறங்கியது. முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையில் ஆட்கள் தீர்ந்துகொண்டிருந்த நேரம் அது. பருத்திச் சீருடையோடு வந்த சீக்கியர்களும் பட்டான்களும் கூர்க்காக்களும் ஊர்வலமாகப் போனதை மர்சேய் மக்கள் பூக்கொடுத்து வரவேற்றார்கள். பொரெலி பூங்காவில் கூடாரம் போட்டார்கள். சில வாரங்களில் குளிரும் சேறும் நிறைந்த பிளாண்டர்ஸ் முனைக்கு அனுப்பப்பட்டார்கள். மர்சேய் கடைசி வரை அவர்களுடைய தளமாகவும் மருத்துவமனையாகவும் இருந்தது.

இங்கே இறந்தவர்கள் நகரின் தெற்கே மஸார்க் போர்க் கல்லறையில் இருக்கிறார்கள். முதல் உலகப் போரில் இறந்த 1,400க்கும் மேற்பட்டவர்களுக்கு அங்கே இடம். கல்லறையின் பின்பகுதியில் 1925இல் திறந்த இந்திய நினைவுச்சின்னம். கல்லில் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி. 2025 பிப்ரவரியில் இந்தியப் பிரதமரும் பிரெஞ்சு அதிபரும் சேர்ந்து வந்து மாலை வைத்துவிட்டுப் போனார்கள். மற்ற நாட்களில் யாரும் வருவதில்லை.

அரை நாள் கூடுதலாகக் கிடைத்தால் தீவையும் குன்றையும் விட்டுவிட்டு நான் இங்கேதான் போகச் சொல்வேன். மெட்ரோவின் இரண்டாம் தடத்தில் ரோன்புவான் து பிராடோ வரை போய் அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். போகிற பக்கத்திலேயே, மிஷ்லே சாலையில், லெ கொர்புசியே 1952இல் முடித்த அடுக்குமாடிக் குடியிருப்பும் நிற்கிறது. 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் அவரே வடிவமைத்த சண்டிகர் கேபிடல் வளாகத்தோடு ஒரே அறிவிப்பில் சேர்ந்த கட்டடம் அது. மொட்டைமாடிக்குப் போய்ப் பார்க்கலாம்.

சேர்த்துப் பார்ப்பதென்றால்

காலை முழுக்க வடகரை, சாயங்காலம் பேருந்தில் குன்று. ஒரு நாளில் இரண்டு வேண்டும் என்கிறவர்களுக்கு இதுதான் பொருந்தும் ஜோடி. நகராட்சி மன்றத்தின் எதிரிலிருந்து தென்கரைக்குச் சின்னப் படகு ஒன்று ஓடுகிறது. கடலுக்குள் போக முடியாத குறையை அந்த நாலைந்து நிமிடமே பாதி தீர்த்துவிடும். தீவையும் வடகரையையும் ஒரே நாளில் முயன்றால் அருங்காட்சியகம்தான் அடிபடும். அந்த விலை கொடுக்க வேண்டாம். பிள்ளைகளோடு வருகிறவர்கள் முதல் படகில் தீவுக்குப் போய்விட்டு, மதியத்துக்குமேல் அருங்காட்சியகத்தில் படகுகளை மட்டும் பார்த்துவிட்டுக் கோட்டையில் ஓடவிடலாம்.

சாப்பாட்டுக்குக் கரையோர ஓட்டல்கள் விலை அதிகம். மீன் சாப்பிடுகிறவர்கள் புயாபெஸ் என்ற மீன் குழம்பு கேட்கலாம், ஆனால் நல்லது வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், ஒற்றை நாள் பயணத்துக்கு அது தோதுப்படாது. சைவக்காரர்கள் துறைமுகத்திலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள நொவாய் சந்தைப் பக்கம் போனால் பிழைத்தார்கள். வட ஆப்பிரிக்க நாட்டவர் கடைகளில் காய்கறிக் கூஸ்கூஸ் கிடைக்கும். கடலைமாவைக் கிண்டி ஆறவைத்து வில்லையாக வெட்டிப் பொரிக்கிற பனிஸ் கண்ணில் பட்டால் விடாதீர்கள். கூட்டத்தில் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், மெட்ரோவிலும்தான்.

கடைசியாக, கிழமை பார்த்துக் கிளம்புங்கள். வரலாற்று அருங்காட்சியகமும் வியே ஷாரித்தேயில் உள்ள அருங்காட்சியகங்களும் நகராட்சியுடையவை. நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் திங்கட்கிழமை விடுமுறை. மியூசெம்முக்குச் செவ்வாய் விடுமுறை. குளிர்காலத்தில் தீவுக் கோட்டையும் திங்களன்று மூடிக் கிடக்கும். ஆகவே திங்களன்று மட்டும்தான் வர முடியும் என்றால் சென் விக்தோர் நிலவறையும் குன்றும், மதியம் மஸார்க் கல்லறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதன் முதல் வெள்ளி வரை எந்த நாளானாலும் வடகரை முழுசாகத் திறந்திருக்கும், கூட்டமும் சனி ஞாயிறு போல இருக்காது.